பச்சைக் கதவு வைத்த வேன்

பாவூர்சத்திரத்தில் பஸ்ஸுக்கு நிற்கையில் பக்கத்து வண்டிப் பட்டறையில் நசுங்கிய தகரத்துக்குப் பட்டி பூசும் வாடை வந்தது. அந்த வாடை பட்டாலே, தென்காசியில் இன்று மொபைல் கடையாகிப்போன எங்கள் வீட்டுக் கொல்லை கண்முன்னே வந்துவிடும்.

புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றி வந்த அப்பாவின் வேன் மரத்தில் மோதியபோது முன்சீட்டில் அம்மா இருந்தாள். வேனுக்கு முகம் நசுங்கியது, அம்மாவுக்கு முழங்கால். அம்மாவுக்கு நாட்டுக் கட்டு போட்டுக் கட்டிலில் கிடத்தினார்கள். வேனைக் கொல்லைக்குள் தள்ளினார்கள். பிறகு விடிந்தால் சுத்தியல் சத்தம்தான். பழைய இரும்புக் கடையில் தேடிப் பிடித்த பச்சைக் கதவும், எந்த வண்டியுடையதோ தெரியாத விளக்கும், துருவில் உப்புத்தாள் தேய்க்கும் சரசரப்பும், சாரல் விழுந்தால் வேனுக்குத் தார்ப்பாய் போர்த்த ஓடும் அப்பாவுமாக அந்த வருஷக் குற்றாலச் சீசன் கழிந்தது.

"லைட்டுக்காக மதுரை வரைக்கும் போனியளே, என் காலக் காட்ட திருநெல்வேலிக்குப் போவக்கூடாதா?"

"வண்டி ஓடட்டும்ட்டி. அதுலயே ராணி மாதிரி கூட்டிட்டுப் போறேன்."

வண்டி ஓடியது. ஆனால் முன்சீட்டில் ஏற அம்மாவுக்குக் கால் மடங்கவில்லை. எலுமிச்சை மூட்டை அடுக்கும் இடத்தில் காலை நீட்டிப் படுத்தபடிதான் திருநெல்வேலிக்குப் போனாள். எலும்பு கோணலாகக் கூடிவிட்டது, இனி மடங்காது என்றார் டாக்டர்.

திரும்பும் வழியெல்லாம் வேனில் ஒரு சத்தமில்லை. அத்தனை நன்றாகச் சரிபண்ணியிருந்தார் அப்பா.