மெமரி பத்தாத பெட்டி

ஃபிரிட்ஜ்காரருக்கு அக்கா மேல் பல வருஷத்து மனத்தாங்கல் ஒன்று உண்டு. அவள் வீட்டில் எது கெட்டாலும், கடைசியாக அதைத் தொட்டவன் தலையில்தான் விழும். அந்தத் தலை எப்போதும் இவருடையதாகவே இருந்தது. ஒருமுறை அவள் கம்ப்யூட்டருக்குள் மண்டிக் கிடந்த தூசியைக் காற்று பம்பு வைத்து ஊதிவிட்டார். நல்லது நினைத்துச் செய்ததுதான். அடுத்த வாரமே பிரிண்டர் நின்றுபோனது. "நீ ஊதினதிலிருந்துதான்டா இப்படி" என்றாள். அப்புறம் மவுஸ் போனது, ஸ்பீக்கர் கரகரத்தது, வாசல் காலிங் பெல்கூடக் கொஞ்ச நாள் ஊமையாகக் கிடந்தது. எல்லாப் பழியும் அந்த ஒரு ஊதலுக்கே போய்ச் சேர்ந்தது. சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடும் இடத்தில் அவள் இதை விலாவாரியாகச் சொல்வாள். இவர் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பார்.

அவர் வேலை ஃபிரிட்ஜ், ஏசி ரிப்பேர். கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனால் அக்காவைப் பொறுத்தவரை ஸ்க்ரூடிரைவர் பிடிப்பவன் எல்லாவற்றையும் திறக்கத் தெரிந்தவன். திறந்தால் மூடத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா எம்பிராய்டரி போடுகிறவள். அத்தான் லாரி ஓட்டியவர். பிள்ளை பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதே ஒரு நாள் ஸ்டியரிங்கில் சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அழுது முடித்த கையோடு யாரோ விற்ற பழைய எம்பிராய்டரி மெஷினை வாங்கி முன்னறையில் போட்டாள். பாதி அறையை அது அடைத்துக்கொண்டது. மீதியில் சுவரோரமாக நூல்கண்டுகள், குறுக்கே ஒரு கம்பி, கம்பி நிறைய ஹேங்கரில் சட்டைகள், மூலையில் கம்ப்யூட்டர். ஆஸ்பத்திரி ஊழியர், வாட்ச்மேன், ஓட்டல் பணியாள், கூரியர் பையன் என்று ஊரில் யார் சட்டைப் பையைப் பார்த்தாலும் அவள் போட்ட பெயர் இருக்கும். "பாதி ஊரை நான் நெஞ்சில குத்தியிருக்கேன், ஒருத்தனும் போலீசுக்குப் போகல" என்று சொல்லிச் சிரிப்பாள்.

பெயரையும் படத்தையும் முதலில் கம்ப்யூட்டரில் வரைய வேண்டும். வயர் வழியாக அது மெஷினுக்குப் போகும், மெஷின் தைக்கும். வரைகிற புரோகிராம் மெஷினோடு வந்தது. கம்ப்யூட்டரின் முதுகில் கட்டைவிரல் அளவு சாவி ஒன்று செருகியிருக்கும், அது இருந்தால்தான் புரோகிராம் கண் திறக்கும். புதுக் கம்ப்யூட்டர்களில் அந்தச் சாவிக்குத் துளையே கிடையாது. விற்றவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள். ஆகவே அந்தப் பழைய பெட்டி படுத்தால் மெஷின் வெறும் இரும்பு.

பிள்ளைக்கு இது நன்றாகத் தெரியும். வேறு ஊரில் கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றில் இருக்கிறான். கல்யாணம் ஆனதிலிருந்து அம்மாவை வந்துவிடச் சொல்லி நச்சரித்துக்கொண்டிருந்தான். கண் மங்குகிறது, ஒண்டியாக இருக்கிறாய் என்பான். ஒரு நாள் வீட்டுக்கு வந்திருந்த மருமகள் முன்னாலேயே பேச்சு முற்றிப்போய், அக்கா வீம்பாக வார்த்தையை விட்டாள். பெட்டி ஓடுகிற வரை இந்த வாசப்படி தாண்ட மாட்டேன், பெட்டி படுத்தால் அன்றைக்கே மூட்டை கட்டுகிறேன் என்றாள். சொன்னதை மாற்றிப் பழக்கம் இல்லாதவள். பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டான். அதற்குப்பின் அவன் போனில் முதலில் கேட்பது அம்மாவின் நலமா பெட்டியின் நலமா என்று சொல்ல முடியாது.

அப்படி இருக்கும்போதுதான் பெட்டி மக்கர் பண்ணியது. நர்சிங் ஹோம் ஒன்றின் கோட்டுகளில் பெயர் போட வேண்டிய வேலை. வேலையைக் கொடுத்த யூனிஃபார்ம் கடைக்காரர் சனிக்கிழமைக்குள் தராவிட்டால் வேறு ஆளிடம் கொடுப்பதாகச் சொல்லிவிட்டார். பாதியில் திரையில் ஒரு கட்டம் வந்து நின்றது. மெமரி போதவில்லையாம். ஓகேயை அமுக்கினால் போகும், மறுபடி வரும். மெஷின் ஊசியைத் தூக்கியபடி அப்படியே நின்றது.

ஃபிரிட்ஜ்காரர் பையோடு வந்து சேர்ந்தார். ஆஃப் பண்ணி ஆன் பண்ணலாம் என்று சுவிட்சுக்குக் கையைக் கொண்டுபோனார். அக்கா அந்தக் கையிலேயே ஒன்று வைத்தாள்.

"அதுல எல்லாம் திறந்து கிடக்குடா. அமுக்கினா அத்தனையும் போயிடும்."

பார்த்தால், திரையின் அடியில் கட்டம் கட்டமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன அவள் போட்ட டிசைன்கள். வாரக்கணக்கில் ஒன்றையும் மூடவில்லை. கம்ப்யூட்டரையும் அணைத்ததில்லை. டி.வி. மாதிரி இருக்கும் திரையை மட்டும் அணைத்துவிட்டுப் படுக்கப் போவாள். அணைந்துவிட்டது என்றுதான் இவரும் இத்தனை நாள் நினைத்திருந்தார்.

இதற்கு அவளிடம் ஒரு நியாயம் இருந்தது. தொழிலுக்கு வந்த புதிதில், வேலை முடிந்ததென்று ஒரு டிசைனை அழித்துவிட்டாள். மறுநாள் அந்த ஆள் இன்னும் ரெண்டு சட்டையோடு வந்து நின்றான். முதலிலிருந்து வரைய வேண்டியதாயிற்று. அன்றைக்குப் போட்ட சட்டம், வாங்கிக்கொண்டு போகும்வரை எதையும் எடுத்து வைக்கக் கூடாது. சட்டை ஹேங்கரில் தொங்க வேண்டும், கடைசி நூலை வந்தவர் கண்ணெதிரில்தான் வெட்ட வேண்டும், கம்ப்யூட்டரில் டிசைன் திறந்தே கிடக்க வேண்டும். அவளுக்கு ஹேங்கர் கம்பியும் திரையும் ஒன்றுதான். திறந்திருப்பது பத்திரமாக இருப்பது என்றே எண்ணியிருந்தாள். பாதிக்கு மேல் சேவ் பண்ணவே இல்லை.

ஃபிரிட்ஜ்காரர் சேவ் பட்டனை அமுக்கிப் பார்த்தார். மெமரி போதவில்லை என்று அதற்கும் அதே கட்டம் வந்தது. அணைத்தால் எல்லாம் போகும், அணைக்காவிட்டால் எதுவும் நகராது.

வேறு வழியில்லாமல் அக்கா பிள்ளைக்கே, அதாவது தன் மருமகனுக்கே, போன் போட்டார். அக்கா அதை விரும்பவில்லை. எதிரி முகாமுக்கே தகவல் கொடுப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் விஷயத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டான். "அவ்வளவுதான் மாமா, ஆயுசு முடிஞ்சுது" என்று அவன் சொல்லியிருக்கலாம். இரண்டு பேரும் நம்பியிருப்பார்கள், அம்மாவும் அடுத்த பஸ்ஸில் வந்திருப்பாள். அவன் அப்படிச் சொல்லவில்லை.

"எக்காரணம் கொண்டும் அணைக்காதீங்க மாமா. கண்ட்ரோல், ஆல்ட், டெலிட், மூணையும் சேர்த்து அமுக்குங்க."

அமுக்கினார். ஒரு பட்டியல் வந்தது. அதில் எது எவ்வளவு மெமரி தின்கிறது என்று பார்க்கலாமாம். டிசைனுக்குச் சம்பந்தமே இல்லாதவையும் நிறைய உட்கார்ந்திருந்தன. வெயில் மழை சொல்கிற ஒன்று, செத்துப்போன பிரிண்டருக்குக் காவலிருக்கிற ஒன்று, ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு இரண்டு வைரஸ் காவலாளிகள். அவன் சொல்லச் சொல்ல இவர் ஒவ்வொன்றாக வெளியே தள்ளினார். பெட்டி லேசாக மூச்சு விட்டது. முதலில் நர்சிங் ஹோம் டிசைனைச் சேவ் பண்ணச் சொன்னான். கட்டம் வரவில்லை. சேவ் ஆனது.

அடுத்தது அக்காவின் முறை. எதை மூடுவது என்று அவள்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றுக்கும் வழக்காடினாள். செக்யூரிட்டி கம்பெனி இன்னும் ஆள் அனுப்பவில்லை, மூடாதே. ஓட்டல்காரர் ஊரில் இல்லை, மூடாதே. கால்பந்து குழு ஒன்றின் கொடி இருந்தது. அந்தக் குழுவே கலைந்து, கேப்டன் இப்போது மருந்துக்கடை வைத்திருக்கிறான்.

"அம்மா, மூடினா அழியாது. சேவ் பண்ணி மூடினா உள்ளே பத்திரமா இருக்கும். எப்ப வேணா திறந்துக்கலாம்" என்றான் பிள்ளை.

"நீ வீட்டை விட்டுப் போறப்பவும் இதைத்தான்டா சொன்னே."

ஃபிரிட்ஜ்காரர் இருமினார். அக்கா "சரி, மூடு" என்றாள்.

எல்லாவற்றையும் சேவ் பண்ணி மூடியபின் அணைத்தார்கள். அந்தப் பெட்டி முழுசாகத் தூங்கி எத்தனை காலம் ஆயிற்றோ. பிள்ளை சொன்னபடி இவர் பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் பக்கத் தகட்டைக் கழற்றினார். மெமரி குச்சிகள் இரண்டு இருந்தன. திரையில் காட்டியதோ ஒன்றின் அளவுதான். இன்னொன்று உள்ளே வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றிப் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் மெல்லத் தேய்த்து, கிளிக் என்று சத்தம் வரும்வரை திரும்ப அழுத்தச் சொன்னான். ரப்பரை அக்காவே எடுத்து வந்து கொடுத்தாள். "ஊதாதே" என்று மட்டும் சொன்னாள்.

ஆன் பண்ணியதும் இரண்டு குச்சியின் கணக்கும் வந்தது. மெஷின் ஊசியை இறக்கியது. கோட்டுகள் சனிக்கிழமைக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தன. "சரியாயிடுச்சா மாமா?" என்று மருமகன் கேட்டான். ஆயிடுச்சு என்றார் இவர். நல்லது என்று சொல்லி அவன் வைத்துவிட்டான். அவன் குரலில் சந்தோஷமா வருத்தமா என்று இவருக்குப் பிடிபடவில்லை.

அதன்பிறகு பல வாரம் அக்காவிடமிருந்து ஒரு புகாரும் இல்லை. அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது. அந்தப் பக்கம் ஒரு ஏசி வேலை வந்தபோது எட்டிப் பார்த்தார்.

ஹேங்கர் கம்பி காலியாக இருந்தது. அந்தக் கம்பியின் நிறம் பச்சை என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்தது. செக்யூரிட்டி கம்பெனியையும் ஓட்டல்காரரையும் போன் போட்டு வரவழைத்து, கண்ணெதிரில் நூலை வெட்டிக் கொடுத்து அனுப்பியிருந்தாள். மருந்துக்கடை கேப்டன்கூட வெட்கத்தோடு வந்து பழைய கொடியை வாங்கிப்போனானாம். திரையில் ஒரு கட்டம்கூட இல்லை. மெஷினில் நர்சிங் ஹோமிலிருந்து பிந்தி வந்த ஒரே ஒரு கோட்டு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

என்ன இப்படித் துடைத்து வைத்திருக்கிறாய் என்றார்.

"மெமரி பத்தலைன்னு நீங்க ரெண்டு பேரும்தானே சொன்னீங்க" என்றாள்.

நூல் அறுந்து மெஷின் நின்றது. அவள் மெஷின் ஊசியின் துளைக்கு எதிரே நூலைப் பிடித்து, தலையை அப்படியும் இப்படியும் சாய்த்து, மூன்று தடவை தவறவிட்டுவிட்டு அவரிடம் நீட்டினாள். அவர் கோத்துக் கொடுத்தார். மெஷின் மறுபடி ஓட ஆரம்பித்தது.

பிள்ளை வீட்டுச் சின்ன ரூமுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டாள். தெருப் பக்கம், நல்ல வெளிச்சம் வரும் என்றார். போகிற எண்ணமிருந்தால் அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதானே என்று கேட்டார்.

"நானா? பெட்டி ஓடுற வரைக்கும் வரமாட்டேன்னு அவன் பொண்டாட்டி முன்னாடி சொன்னவடா நான். இப்ப எந்த மூஞ்சியோட சொல்றது? இது என்னடான்னா முன்னைவிட நல்லா ஓடித் தொலைக்குது."

மெஷின் கடைசிப் பெயரின் கடைசி எழுத்தை முடித்து நின்றது. அவள் கத்தரியை எடுத்து நூலை வெட்டி, கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"இது ஒண்ணு மட்டும் செய்டா, இனிமே உன்கிட்ட ஒண்ணும் கேட்கமாட்டேன். அவனுக்குப் போன் போட்டு, பெட்டி படுத்துடுச்சு, எவ்வளவோ பார்த்தும் எழுந்திருக்கலைன்னு சொல்லிடு."