இன்னும் சுடுது

அப்புறம் என்னாச்சு, கெலவரப்பள்ளி டேம் பக்கம் காருல பொகை வந்ததும் ரேடியேட்டரு மூடியத் தெறந்துட்டானா உன் பையன்? கையெல்லாம் கொப்பளமா? அடக் கடவுளே! காரு ஓட்டக் கத்துகினவன், அது கொதிச்சா என்னா பண்ணணும்னு கத்துக்க வேணாமா? எனக்கே தெரியுமேடி. இத்தினிக்கூண்டு இருக்கறப்போ பாத்தது.

எங்கக்காவக் கட்டிக் குடுத்து அனுப்பறோம். மாப்ளைக்கு பெங்களூரு மில்லுல வேலை. வாடகைக் காரு கொண்டாந்திருந்தாரு. முன்னால கம்பிய வுட்டு சுத்துனாத்தான் உறுமும். ஊரே வந்து தொட்டுத் தொட்டுப் பாக்குது. எங்க பக்கத்துல ஒரு வழக்கம். பொண்ணு மடியில வூட்டுக் கொழந்தை ஒண்ணு உக்காந்து ஊரெல்லைக் கல்லு வரைக்கும் போவணும். கல்லு தாண்டுனா அவ மாப்ளை வூட்டுப் பொண்ணு. காருல ஏறுன குஷியில எனக்குக் கல்லாவது, எல்லையாவது!

கல்லுக்கு இந்தப் பக்கமே, மேடு ஏர்றப்போ காரு மூக்குலேர்ந்து புஸ்ஸுனு ஆவி. மாப்ளை மாமா குதிச்சி எறங்கி மூடியத் திருகப் போனாரு. டிரைவரு கன்னடத்துக்காரரு. "மூஞ்சில அடிக்கும், கைய எடுங்க சாமி!"ன்னு ஒரே அதட்டல்.

தண்ணிக்கு ஏனம் ஏது? சீருல வெச்ச பித்தளைக் கொடத்த எடுத்துகினு அக்காவும் நானும் ஏரிக்குப் போனோம். பட்டுச்சேலையோட! சேத்துல கொலுசு முங்குது, அவ பாட்டுக்கு மெல்ல நடக்கறா. டிரைவரு கோணிய நனைச்சி மூடி மேல போத்துனாரு. "கை தாங்கற அளவுக்கு ஆறட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாத் திருகணும். வண்டிய ஓடவுட்டு நூலாட்டம் தண்ணி ஊத்தணும். சூட்டுல மொத்தமா ஊத்துனா இரும்பே வெடிச்சிரும்"னாரு.

"வெளக்கு வெக்கறதுக்குள்ள போய்ச் சேரணும், ஆறுச்சா பாரு"ன்னு மாமா பறக்கறாரு. அக்கா கோணி மேல கைய வெச்சா. அந்த மேட்டுலேர்ந்து எங்க வூடு தெரியும். வாசல்ல அம்மா நிக்கறது எறும்பாட்டம். அதையே பாத்துகினு, "இன்னும் சுடுது"ன்னா. கொஞ்சம் பொறுத்து மறுக்கா வெச்சா. "இன்னும் சுடுது."

டிரைவரும் தொட்டாரு. அக்கா மூஞ்சியப் பாத்தாரு. "ஹௌதம்மா, இன்னூ பிசி இதெ"ன்னாரு. சூடுதானாம்! போயி புளியமரத்தடியில உக்காந்து பீடி பத்த வெச்சிகினாரு.

நான் தொட்டுப் பாத்தேன். ஐயே, சில்லுனு கெடக்குது! சூடு எது சில்லு எதுன்னு தெரியாத பெரிய மனுசங்களப் பாத்து எனக்கு ஒரே சிரிப்பு. டர்ருனு போலாமேன்னு குதிக்கறேன். அக்கா என்ன இழுத்து மடியில வெச்சி அப்பிடி இறுக்கிப் புடிச்சா. "வுடுக்கா, மூச்சு முட்டுது"ன்னு திமிறிகினு ஓடிட்டேன்.

அப்புறம் அவ வந்ததெல்லாம் விருந்தாளியாத்தான். காலையில வருவா, சாயங்கால பஸ்ஸுக்குக் கெளம்பிடுவா. இப்பவும் ரோட்டுல எந்தக் காராச்சும் மூக்கத் தெறந்துகினு நின்னா, கிட்டப் போயி கைய வெச்சிப் பாக்கணும்னு... இரு இரு, அடுப்புல ஒலை கொதிக்குது. ராகி மாவு போட்டுட்டு வரேன்.