நாக்கில் ஒட்டாத எலும்பு

1987 செப்டம்பர், வியாழன், காலை ஒன்பது மணி. உளுந்தூர்பேட்டையில் பேருந்து நின்றுவிட்டது. இடஒதுக்கீடு கேட்டு மறியல். சாலையின் குறுக்கே புளியமரம் கிடந்தது.

"இன்னிக்கு வண்டி நவுராதும்மா. ஒரு மரத்த எடுத்தா இன்னொண்ணு வுழுது," என்றார் ஓட்டுநர்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. கல்வராயன் மலையடிவாரத்துக் கிராமமொன்றில் கிணறு வெட்டும்போது முதுமக்கள் தாழி வந்திருப்பதாக அவ்வூர் வாத்தியார் தந்தி அடித்திருந்தார். பழைய எலும்புகளைப் பார்த்து, அந்த மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எப்படிப் புதைக்கப்பட்டார்கள் என்று சொல்வது என் வேலை. நான் வரும்வரை யாரும் தொடக்கூடாதென்று பதில் தந்தியும் அடித்திருந்தேன். பெரிய உத்தரவு!

இரண்டு நாள் விடுதியில் அடைந்து கிடந்தேன். குடிசைகள் எரிந்த செய்திகள் வந்துகொண்டே இருந்தன. டீக்கடையில்கூட மெல்லத்தான் பேசினார்கள்.

சனி, காலை ஆறு மணி. தியாகதுருகம்வரை லாரி, பத்து ரூபாய். அங்கிருந்து கள்ளக்குறிச்சிக்குச் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் நடை. வெட்டுண்ட மரங்களைத் தாண்டித் தாண்டிக் கால் வீங்கிவிட்டது. கள்ளக்குறிச்சியில் வாத்தியார் மூன்றாம் நாளாக மொபெட்டோடு காத்திருந்தார்.

பிற்பகல் மூன்று மணி. கிணற்றோரம் தாழி உடைந்து கிடந்தது. எலும்புகளையெல்லாம் ஓர் உரச்சாக்கில் போட்டு வைத்திருந்தார்கள்.

"ரெண்டு நாளு பாத்தோங்க. வெட்டற ஆளுங்க வேற ஊருக்குப் போறேன்றாங்க. இன்னா பண்ணச் சொல்றீங்க?" என்றார் நிலத்துக்காரர் ஏழுமலை.

கத்த வாயெடுத்தேன். அதற்குள் அவர் மனைவி பச்சையம்மா சாக்கின்மேல் கைவைத்தாள்.

"டாக்டரம்மா, எம் புள்ளயும் இதுலதான் கீறான்."

அந்தப் பக்கத்தில் குழந்தை இறந்தால் எரிப்பதில்லை. சொந்த நிலத்தின் மூலையில் புதைப்பார்கள். நான்கு வருடம் முன்பு காய்ச்சலில் போன எட்டு மாதப் பிள்ளை. நான் வந்த அன்று காலை கிணற்றுக்கரை சரிந்ததில் அவன் குழியும் சேர்ந்து விழுந்திருக்கிறது. வெட்டியவர்கள் எல்லாமே தாழி எலும்புதான் என்று அள்ளிவிட்டார்கள். தாழிக்குள்ளும் ஒரு குழந்தை இருந்தது.

"எது அவன்னு பாத்துக் குடுத்துடுங்க, திரும்பப் பொதைக்கணும். அவனப் பொட்டியில போட்டு மெட்ராசுக்குத் தூக்கிக்கினு போயிடாதீங்க."

எல்லா எலும்பும் ஒரே செம்மண் நிறம். எங்கள் தொழிலில் ஒரு சோதனை உண்டு: மிகப் பழைய எலும்பு நாக்கில் ஒட்டிக்கொள்ளும், புதியது ஒட்டாது. மாணவர்களுக்குச் சிரித்துக்கொண்டே செய்துகாட்டுவேன். அவள் எதிரே செய்ய வாய் கூசியது. அந்தப் பக்கம் திரும்பிக்கொள்ளச் சொன்னேன்.

"பரவால்ல. பாக்கறேன்," என்றாள்.

ஒவ்வொன்றாக வைத்தேன், ஒட்டியது. சாண் நீளம்கூட இல்லாத தொடை எலும்பு ஒன்று மட்டும் ஒட்டவில்லை. மறுபடி வைத்தேன். ஒட்டவில்லை.

முந்தானையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு கேட்டாள்:

"மீதி?"

கரைமண்ணோடு உள்ளே போயிருக்கும் என்றேன். வேறென்ன சொல்ல? மற்ற எலும்புகளைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டியில் அடுக்கினேன். ஆறு மணிக்கு மொபெட் கிளம்பியபோது அவள் மண்மேட்டில் உட்கார்ந்து சல்லடையில் மண் சலித்துக்கொண்டிருந்தாள். ஏழுமலை கூடை கூடையாக அள்ளிக் கொடுத்தார்.

பெட்டி இன்றும் சென்னையில் என் அறை அலமாரியில்தான் இருக்கிறது. கட்டுரை எழுதினேன், பாராட்டினார்கள். அந்தச் சோதனையோ எப்போதும் சரியாக வருவதில்லை; சில புது எலும்பும் ஒட்டும். இதை அன்று பச்சையம்மாவிடம் நான் சொல்லவில்லை.