வெளுக்காத பவளம்

மிஸ்ஸை நினைத்தால் எனக்கு முதலில் கண்ணுக்குள் வருவது ஒரு சிரிஞ்சும் அதற்குள் கொஞ்சம் சளியும்தான். பாலமுனைக் கடலில், மீனவர்கள் கல்லுப்பார் என்று சொல்லும் பவளத்திட்டு சூட்டில் வெளுத்துப்போன வருடம் அது. எல்லாம் எலும்பு நிறமாகிவிட, ஒரேயொரு கொத்து மட்டும் தேன்நிறம் மாறாமல் நின்றது. நான் உதவியாளராக இருந்த ஆய்வுகூடத்தின் தலைவி அவர். அந்தக் கொத்து தன்மேல் சுரந்திருந்த சளியைச் சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துக்கொண்டு தோணியில் ஏறினார்.

"என்ன மிஸ் இது?" என்று, நாங்கள் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் தோணிக்காரர் கேட்டார்.

"இதுக்குள்ள பக்டீரியா இருக்கு காக்கா. கொத்தச் சூட்டுல காப்பாத்துறது அதுகளோ எண்டு பாக்கணும்."

"கிருமி எண்டா நோய்தானே?"

"தயிருக்கு ஊத்துற உறையும் கிருமிதான்."

மிஸ் சம்மாந்துறையில் வயல்காரக் குடும்பத்தில் பிறந்தவர். நீந்தப் பழகியதே இந்த வேலைக்கு வந்த பிறகுதான். சளியிலிருந்து பக்டீரியாக்களைப் பிரித்து வளர்த்தார். பவளத் துண்டுகளை இரண்டு தொட்டிகளில் வைத்து, ஒன்றில் மட்டும் அவற்றை விட்டு, இரண்டிலும் நீரைச் சூடாக்கினோம். பக்டீரியா விடாத தொட்டியில் பவளம் வெளுத்தது. மற்றதில் நிறம் மங்கியதே தவிர உயிர் போகவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மிஸ்ஸோ அதே சோதனையைத் திரும்பச் செய்யச் சொன்னார். சூட்டில் பவளத்துக்குள் ஊறும் நஞ்சை அவை முறிக்கின்றன போலிருந்தது. அந்தப் 'போல' அவருக்குப் போதவில்லை.

அவற்றைக் கடலில் எப்போது விடுவது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன்.

"தொட்டியில பிழையாப் போனா ஊத்திக் கழுவலாம் தங்கச்சி. கடல்ல விட்டா திருப்பி எடுக்கேலாது. இன்னொரு வருஷம் பாப்பம்."

அவர் சொன்னது சரிதான். இன்றைக்கும் அதில் என்னால் பிழை காண முடியவில்லை.

அடுத்த வருடம் சூடு முந்தி வந்து நீண்டு நின்றது. நாங்கள் போனபோது கல்லுப்பார் முழுக்கப் பாசி பிடித்திருந்தது. தேன்நிறக் கொத்தும் செத்துக் கிடந்தது. முன்பே விட்டிருந்தால் ஏதாவது மிஞ்சியிருக்குமா என்பது யாருக்கும் தெரியாது. மிஸ் தோணியில் ஏறி, நீருக்குள் பார்க்கும் முகக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கரையில் இறங்கும்போது, "நான் பயந்திட்டன் போல" என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல்.

அவர் ஓய்வு பெற்றுவிட்டார். அந்தப் பக்டீரியாக்கள் இன்னும் ஆய்வுகூடத்து உறைகுளிர்ப்பெட்டியில் இருக்கின்றன. அண்மையில் போனில் அழைத்துச் சுகம் விசாரித்தவர், கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்.

"அதுகள் உசிரோடதான் இருக்கா?"

"ஓம் மிஸ். போன கிழமையும் எடுத்து வளத்துப் பாத்தன்."

"அல்ஹம்துலில்லாஹ்."