அமெரிக்கச் சிரிப்பும் என் இடது கன்னமும்

பல் துலக்கிவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது கடைவாய் வழியாகத் தானே வெளியேறிக் கழுத்தில் இறங்கியது. மறுபடி கொப்பளித்தேன். மறுபடியும் அப்படியே. உதட்டைக் குவித்தால் வலது பாதி குவிந்தது. இடது பாதி, கூப்பிட்டது வேறு யாரையோ என்பதுபோல் இருந்தது.

கண்ணாடியில் பார்த்தேன். நெற்றியின் இடது பக்கத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. நாற்பத்து மூன்று வயதில் பாதி முகத்துக்கு மட்டும் இளமை திரும்பியிருந்தது. கண்ணை மூடினால் இடது இமை பாதி வழியில் நின்றது.

என் கணவர் சேவியர் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர். எதையும் உத்தரவாகத்தான் சொல்வார்.

“சிரி பாக்கலாம்” என்றார்.

சிரித்தேன். அவர் முகம் வெளுத்தது.

“ஸ்டெல்லா, இது ஸ்ட்ரோக்குமா. செருப்பப் போடு.”

ஜீவனஹள்ளி வீட்டிலிருந்து மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் ஆட்டோக்காரரை விரட்டிக்கொண்டே வந்தார். அவசரப் பிரிவின் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சில் உட்கார வைத்தார்கள். எதிர்ச் சுவரில் வெண்பற்கள் தெரியச் சிரிக்கும் ஒரு குடும்பத்தின் படம். இப்படிச் சிரிக்கும் குடும்பங்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பு என்பதால் எனக்கு எரிச்சல் வந்தது. அந்தப் பிழைப்பைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

நரம்பியல் மருத்துவர் என்னைவிட இளையவர். கன்னடம் கலந்த தமிழில் பேசினார். “புருவத்தைத் தூக்குங்க. கண்ணை இறுக்கி மூடுங்க. காத்து ஊதுங்க” என்று வரிசையாகச் சொன்னார். நான் எல்லாவற்றையும் பாதிதான் செய்தேன். தலையை ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகு நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“நோடி, பாருங்க அம்மா, இது ஸ்ட்ரோக் இல்ல. பெல்ஸ் பால்ஸி.”

பெல்ஸ் பால்ஸி (முகத்தை அசைக்கும் நரம்பு திடீரென்று வீங்கி, எலும்புக் குழாய்க்குள் நசுங்கிச் செயலிழப்பது). பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி தப்பித்துவிடுமாம். என் நெற்றியும் சேர்ந்து படுத்துவிட்டதால் நான் தப்பித்தேன். ஆனால் இதைப் படிக்கும் நீங்கள் கண்ணாடி முன் நின்று இந்தத் தீர்ப்பை நீங்களே எழுதிக்கொள்ளாதீர்கள். முதலில் மருத்துவமனைக்கு ஓடுங்கள். சீக்கிரம் ஆரம்பித்தால்தான் மருந்துக்கு வேலை.

ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து) கொடுத்தார். கண்ணுக்குச் சொட்டு மருந்து. தூங்கும்போது இமையை மூடி ஒட்டிக்கொள்ளப் பட்டை.

“சிரிப்பு திரும்பி வருமா டாக்டர்?” என்று சேவியர் கேட்டார்.

“சிரிப்பு மெதுவா வரட்டும் சார். மொதல்ல கண்ணைக் காப்பாத்துங்க. மூடாத கண்ணு காஞ்சா புண்ணாகும்.”

அந்த மருத்துவமனையில் எனக்குப் பிடித்த ஒரே வாக்கியம் அது. மற்ற எல்லோரும் சிரிப்பைப் பற்றியே கவலைப்பட்டார்கள்.

நான்கைந்து நாட்களில் சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். சேவியரின் அக்கா பிலோமினா ஜோகுபாளையத்திலிருந்து ஒரு பாட்டில் எண்ணெயோடு வந்தார். என்னைப் பார்த்ததும் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வந்தவர்கள் எல்லோருமே அதைச் செய்தார்கள். தொற்றிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கலாம்.

“பஸ்ஸுல ஜன்னல் சீட்டுல ஒக்காந்தியாடி? காத்து அடிச்சிருக்கும்.”

“ஆபீஸ் பஸ்ஸுல எல்லாரும்தான் அக்கா ஜன்னல் ஓரம் ஒக்கார்றாங்க.”

“அப்ப ஏதோ கண்ணு பட்டிருக்கு. சிரிச்சுக்கிட்டே இரு. மனசு சந்தோஷமா இருந்தா எல்லாம் தானா சரியாயிடும்.”

சிரிக்க முடியாதவளிடம் சிரித்துக்கொண்டே இரு என்று சொன்ன அந்தக் கருணையை நான் என்றும் மறக்க மாட்டேன். எண்ணெயை சேவியர் வீட்டுக் கதவின் கீலுக்குப் போட்டார். கதவுக்குக் குணமானது.

இனி என் பிழைப்பு. பொம்மனஹள்ளியில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். அமெரிக்காவின் பழைய செய்தித்தாள்களையும் குடும்பப் பத்திரிகைகளையும் அங்கே ஒரு நிறுவனம் படமெடுத்து எங்களுக்கு அனுப்புகிறது. போன நூற்றாண்டின் நடுப்பகுதி, பெரிய போர் முடிந்த பிறகான காலம். ஒவ்வொரு பக்கத்தையும் படித்து, அதில் என்ன இருக்கிறது என்று குறிச்சொற்கள் போட வேண்டும். சமையலறை, கார், திருமணம், தேர்தல், அணுகுண்டு, கேக் செய்முறை. ஆண்டுக்கணக்கில் அந்தத் தேசத்தின் காலை உணவை நான் வேவு பார்த்துவருகிறேன்.

அந்த விளம்பரப் பெண்களைப் போல் முட்டாள்தனமாகச் சந்தோஷப்படுகிறவர்களை நான் நேரில் கண்டதில்லை. குதிகால் செருப்பும் முத்துமாலையும் போட்டுக்கொண்டு குளிர்சாதனப் பெட்டியைக் கட்டிப்பிடித்து நிற்பார்கள். தரை துடைக்கும் பொடியைப் பார்த்துக் கண் கலங்குவார்கள். வெள்ளைக் கோட்டு போட்ட டாக்டர் சிகரெட்டோடு சிரிப்பார். கணவன் வீடு திரும்பும்போது முகத்தை மலர்ச்சியாக வைத்துக்கொள்வது எப்படி என்று கட்டுரை எழுதுவார்கள். அதே பக்கத்தின் மூலையில், கோடை முழுவதும் நீச்சல் குளங்கள் மூடப்பட்ட செய்தி இருக்கும். இளம்பிள்ளைவாதம் (குழந்தைகளின் கைகால்களை முடக்கும் நோய்) ஊருக்கு வந்திருக்கும். மூச்சுவிட முடியாத பிள்ளைகளை, மூச்சை இழுத்துவிட வைக்கும் இரும்புப் பெட்டிக்குள் படுக்கவைத்திருப்பார்கள். பக்கத்திலேயே பற்பசைச் சிரிப்பு.

விடுப்பு முடிந்து போனதும் மேலாளர் பிரசாந்த் என்னைத் தனி அறைக்குக் கூப்பிட்டார். எனக்கு அப்போது ‘ப’வும் ‘ம’வும் சரியாக வராது. அதனால் அவர் பெயரைச் சொல்லும் கடமையிலிருந்து விடுதலை கிடைத்திருந்தது.

“மேடம், ஒண்ணும் தப்பா நெனைக்காதீங்க. கிளையண்ட் வீடியோ காலுல கேமரா ஆஃப் பண்ணிக்கோங்க. சொல்ப நாள்தான்.”

“ஏன் சார்?”

“அவங்க கேட்டாங்கன்னு இல்ல. உங்க முகம் இப்ப... யாரையோ மட்டம் தட்டுற மாதிரி இருக்கு.”

உண்மைதான். வலது உதடு மட்டும் ஏறி, இடது அப்படியே தொங்கினால், உலகத்தையே மட்டமாக நினைப்பவளின் முகம் கிடைக்கும். வெகுநாளாக உள்ளே மறைத்து வைத்திருந்ததை நோய் வெளியே எழுதிவிட்டது. கேமராவை அணைத்தேன்.

அந்த வாரங்களில் எனக்கு வந்தது ஒரு சின்ன ஊரின் வாரப் பத்திரிகை. சோள வயல்கள், இரண்டு தேவாலயங்கள், ஒரு மளிகைக் கடை. அதில் ‘ஊர்ச் செய்தி’ என்று ஒரு பகுதி வரும். யார் வீட்டுக்கு யார் காப்பி குடிக்க வந்தார்கள், யாருக்குப் பல் பிடுங்கினார்கள், எல்லாம் அச்சில் வரும். ஒருநாள் இப்படி ஒரு வரி: ஹாரல்டின் மனைவிக்கு முகத்தில் குளிர் இறங்கிவிட்டதால் அவர் விருந்தினரைச் சந்திப்பதில்லை.

குளிர் இறங்கிவிட்டதாம். ஜன்னல் சீட்டு என்று பிலோமினா அக்கா சொன்னதற்கும் இதற்கும் நடுவில் ஒரு கடல் மட்டும்தான்.

அவளுடைய பெயரைத் தேடினேன். எங்குமே இல்லை. அந்தக் காலத்து அமெரிக்கப் பத்திரிகைகளில் கல்யாணமான பெண்ணுக்குச் சொந்தப் பெயர் கிடையாது. தன் முகம் விழுந்த செய்தியில்கூட அவள் ஹாரல்டின் மனைவிதான். அடுத்த வாரங்களில் அவளைத் தொடர்ந்தேன். ‘ஹாரல்டின் மனைவி தேறிவருகிறார்.’ பிறகு கோடை வந்தது, ஒரு குதிரை ஓடிப்போனது, யாரோ புது கார் வாங்கினார்கள். அதன்பின் தேவாலய விருந்தின் செய்தியில், ஆப்பிள் பை (மாவுக்குள் பழம் வைத்துச் சுடும் பலகாரம்) செய்து கொண்டுவந்தவர்களில் ஹாரல்டின் மனைவியும் ஒருவர். முகத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பை செய்ய ஆரம்பித்துவிட்டாள் அல்லவா, குணமாகிவிட்டாள் என்று முடித்துக்கொண்டார்கள்.

அந்த விருந்தின் புகைப்படமும் இருந்தது. கடைசி வரிசையில் ஒருத்தி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பியிருந்தாள். பெரிதாக்கிப் பார்த்தேன். இன்னும் பெரிதாக்கினேன். முகம் போய்க் கறுப்புப் புள்ளிகள் மட்டும் மிஞ்சின. அவள்தானா, தெரியாது. அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு அழுகை வந்தது. இடது கண்ணில் சொட்டு மருந்தும் வலது கண்ணில் கண்ணீரும் வழிந்தன.

அதற்குப் பிறகு வந்த கிளையண்ட் காலில்தான் அது நடந்தது. அமெரிக்காவிலிருந்து பேசுகிற மேடம் ஒரு புதிய தொகுப்பைப் பற்றி உற்சாகமாக விளக்கினார். அந்தக் காலத்துக் குடும்ப வாழ்க்கையின் இனிமை. பள்ளிக்கூடங்களுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் கொடுக்கப்போகிறார்களாம். நோய்ச் செய்திகளுக்கு இனித் தனிக் குறிச்சொல் வேண்டாம், ‘மற்றவை’ என்று போட்டுவிடலாம் என்றார். ‘வெள்ளையருக்கு மட்டும்’ என்று பலகை மாட்டிய உணவு விடுதிகளும் ‘மற்றவை’. ‘மற்றவை’யில் போட்டால் தேடுகிறவர் கண்ணில் எதுவும் படாது.

“இதைப் பார்ப்பவர்களுக்கு ஆறுதல் கிடைக்க வேண்டும்” என்றார்.

நான் கேமராவைப் போட்டேன். திரையின் எதிர்ச் சதுரத்தில் பிரசாந்தின் கண்கள் அகன்றன.

“மேடம், ஊர்ச் செய்தியில் பாதி நோய்தான்” என்றேன். ஆங்கிலத்திலும் என் உதடுகள் வழுக்கின. நிதானமாகச் சொன்னேன். “அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது குளிர்சாதனப் பெட்டிதான்.”

அந்த மேடம் திரைக்கு அருகே குனிந்து, “மன்னிக்க வேண்டும், நீங்கள் எங்களைப் பார்த்து ஏளனமாகச் சிரிக்கிறீர்களா?” என்று கேட்டார்.

“இல்லை மேடம். என் முகத்தின் இடப்பக்க நரம்பு வேலை செய்யவில்லை. வலது மட்டும் ஏறுகிறது. அதனால் அப்படித் தெரிகிறது.”

“ஓ. ரொம்ப வருத்தமாக இருக்கிறது.”

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை.

“ஆனால் நரம்பு சரியாக இருந்திருந்தாலும் இதே முகத்தைத்தான் வைத்திருப்பேன்.”

அழைப்பு முடிந்ததும் பிரசாந்த் என் மேசைக்கு வந்தார். கோபத்தைவிட அலுப்பே அதிகம் தெரிந்தது.

“ஏன் மேடம் இப்படி? வாயை மூடிட்டு இருந்திருக்கலாம் இல்லே?”

“மூட வராது சார். அதுதான் வியாதியே.”

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். மறுவாரம் கிளையண்ட் காலிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். என் இடத்தில் பல்வரிசை நன்றாக இருக்கும் ஒரு பெண். ‘நோய்’ என்ற குறிச்சொல் மட்டும் தங்கிவிட்டது, பட்டியலின் அடியில். உணவு விடுதிகள் ‘மற்றவை’க்குள் போய்ச் சேர்ந்தன. பாதி வெற்றி என்று சொல்ல மாட்டேன். இப்போதெல்லாம் எனக்குப் பாதி என்ற சொல்லே பிடிப்பதில்லை.

முகம் அசைய ஆரம்பித்தது அதற்கும் பல வாரங்கள் கழித்துத்தான். ஒரு காலை, மூக்கின் இடது மடல் துடித்தது. சேவியருக்கு ஒரே கொண்டாட்டம். உடனே என்னைக் கண்ணாடி முன் நிறுத்தி, “ஒன், டூ, பல்லக் காட்டு! த்ரீ, ஃபோர், கன்னத்த ஊது!” என்று பயிற்சி ஆரம்பித்தார். பிசியோதெரபி (உடற்பயிற்சி மூலம் சிகிச்சை) கொடுக்கும் பெண் அதைக் கேட்டுத் தலையில் கைவைத்தாள்.

“சார், இது பரேடு இல்ல. இழுத்துப் புடிச்சா நரம்பு தப்பான எடத்துக்குப் போயிடும். மெதுவா, சின்னதா பண்ணச் சொல்லுங்க.”

பள்ளிக்கூட மைதானத்தையே ஆட்டிவைக்கிறவர், “சரி மா” என்று அடங்கினார்.

மெதுவாகச் செய்தும் சில நரம்புகள் தப்பான இடத்துக்கே போயின. இதற்கு சின்கைனீசிஸ் (ஒரு தசையை அசைத்தால் இன்னொன்றும் சேர்ந்து அசைவது) என்று பெயர். உதட்டைக் குவித்தால் இடது கண் தானே மூடிக்கொள்கிறது. சூப் குடித்தால் கண்ணடிக்கிறேன். அலுவலகத்தில் சிலர் பதிலுக்குக் கண்ணடித்ததும் உண்டு. முழுமையாகச் சரியாகுமா என்று மருத்துவரிடம் கேட்டேன். “நிறைய பேருக்கு ஆகும். உங்களுக்கு இவ்வளவுதான் அம்மா” என்றார். நயமாகப் பொய் சொல்லாததற்காக அவர் மேல் மரியாதை கூடியது.

இதே நோயில் இருப்பவருக்கு ஆறுதல் சொல்ல நான் இதை எழுதவில்லை. ஆறுதல் சொல்லத்தான் ஊரே இருக்கிறதே. நீங்கள் சிரிக்க முடியாத நாட்களில், உங்கள் சிரிப்பு யாருக்கெல்லாம் தேவைப்பட்டிருக்கிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். அந்தப் பட்டியல் நீளமாக இருக்கும். அதில் உங்கள் பெயர் இருக்காது. கண்ணைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், அது போதும்.

ஒரு நரம்பு வளர்வதற்கு எவ்வளவு காலம் ஆகும் என்பது அதற்குத்தான் தெரியும். நகம் வளர்வதைப்போல், பார்க்கும்போது ஒன்றுமே நடக்காது. முன்பு என் முகம் என் பேச்சோடு சேர்ந்தே ஓடிவரும். இப்போது ஒரே முகத்தில் இரண்டு நேரம் ஓடுகிறது. வலது பக்கம் உடனே வந்துவிடும். இடது, செய்தி கேட்டு யோசித்துவிட்டுப் பின்னால் வரும். சில நாள் வராமலும் இருக்கும்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். சேவியர் தன் தலைமையாசிரியர் நடக்கும் விதத்தை நடித்துக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் நடிப்பதை நிறுத்திவிட்டு, கையில் தட்டோடு அப்படியே நின்றார்.

“ஏன், மேல செய்ங்க” என்றேன்.

“இரு. அந்தப் பக்கமும் வரட்டும்.”