நான் கை நீட்டி வாங்காத காகிதம்

குவைத்தில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஒன்றேகால் வருடத்தில் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. விடுப்பில் பெரிய காஞ்சிபுரத்துக்கு வந்த முதல் வெள்ளிக்கிழமை, தெருவே தறிச்சத்தத்தில் அதிர்ந்துகொண்டிருக்க, நான் பத்து மணிவரை தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்பே எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு, கேம்ப் பஸ்ஸுக்குக் காத்திருப்பவனைப்போல வாசலில் நின்றேன். பால் வாங்கப் போன பக்கத்து வீட்டுக்காரர் என்னைப் பார்த்ததும் கேட்டது ஒரே கேள்வி: "இன்னாப்பா, எப்ப கிளம்பற?"

வந்து நாலு நாள் ஆகவில்லை ஐயா! எப்போது வந்தாய், சாப்பிட்டாயா என்று கேட்டால் வாய் வலித்துவிடுமா? குவைத்தில் என்னோடு இருக்கும் நம் ஆட்கள் இதைப் படித்தால் தலையில் அடித்துக்கொள்வார்கள். அங்கே இருக்கும்போது எப்போது ஊருக்கு என்று கேட்கிறார்கள், இங்கே வந்தால் எப்போது பயணம் என்கிறார்கள். இரண்டு இடத்திலும் நம்மைக் கிளப்பிவிடத்தான் ஆள் இருக்கிறது. அந்தக் கேள்வி அந்த முறை எனக்குக் கூடுதலாகவே சுட்டது. அதற்குக் காரணம், நான் கிளம்பி வருவதற்கு முன் நடந்த ஒரு காரியம்.

நான் வெல்டர். எண்ணெய்க் குழாய் போடும் கம்பெனியில் இரண்டு வருட காண்டிராக்ட். முடிய இன்னும் ஒன்பது மாதம் இருந்தது. விடுப்புக்குப் பாஸ்போர்ட் வாங்கப் போனபோது, வெள்ளைக்கார மேனேஜர் அதோடு சேர்த்து ஒரு காகிதத்தையும் மேசைக்கு மேலே நீட்டினார். புது காண்டிராக்ட். இப்போதே கையெழுத்துப் போட்டால் இது முடிந்த மறுநாளிலிருந்து இன்னும் இரண்டு வருடம். நடுவில் விடுப்பு கிடையாது. பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன். "டேக் இட், டேக் இட்" என்றார். "நோ சார், ஐ திங்க் சார்" என்றேன். அவர் காகிதத்தை இன்னும் கொஞ்சம் நீட்டினார். நான் ஓரடி பின்னால் போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கண்ணடித்தார்.

ஏன் கண்ணடித்தார் என்று அங்கே கிளார்க்காக இருந்த மலையாளி நண்பர்தான் பிறகு சொன்னார். நான் பேரம் பேசுகிறேனாம்! பெரிய கில்லாடி என்று மேனேஜர் சொல்லிச் சிரித்தாராம். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ஒன்பது மாதம் மிச்சமிருக்கும்போதே என்ன அவசரம் என்று கேட்டேன். பக்கத்திலேயே இரண்டு புதுக் கம்பெனி வருகிறது, அடுத்த வருடம் வெல்டருக்கு அலைவார்கள், அதற்குள் கட்டிப்போடப் பார்க்கிறார்கள் என்றார் நண்பர். அதாவது, என் காலம் முடிந்து நான் சுதந்திரமாக நிற்கப்போகும் அந்த ஒரு நாள் வரவே கூடாது.

கையை ஏன் கட்டிக்கொண்டேன் என்று காஞ்சிபுரத்தில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் பாவைக் கையில் வாங்கிவிட்டால் ஒத்துக்கொண்டதாக அர்த்தம். பாவு என்பது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல். ஒரு பாவில் மூன்று சேலை நெய்யலாம். அப்பா தறியில் ஒன்றரைச் சேலை மிச்சமிருக்கும்போதே முதலாளியின் ஆள் அடுத்த பாவைத் தூக்கிக்கொண்டு வாசலில் வந்து நிற்பான். காகிதம் கிடையாது, கையெழுத்து கிடையாது. அவன் நீட்டுவான், அப்பா வாங்குவார். அவ்வளவுதான், அடுத்த மூன்று சேலைக்கும் அப்பா முதலாளியின் ஆள். பழைய பாவின் கடைசியோடு புதுப் பாவை இழை இழையாகப் பிணைத்துவிட்டால் தறி ஒரு நாள்கூடச் சும்மா நிற்காது.

கூட்டுறவுச் சங்கத்துக்கு மாறிவிட வேண்டும் என்று அப்பாவுக்குக் கொள்ளை ஆசை. "தறி காலியாவுற அன்னிக்கு வாப்பா, பேர எழுதிக்கிறோம்" என்றார்கள் சங்கத்தில். நியாயமான பேச்சுதான். ஆனால் தறி எங்கே காலியாயிற்று? எனக்குப் பதினாறு வயதில் ஒருமுறை கோபமாகவே கேட்டேன், நீட்டினால் வாங்காமல் இருந்தால் என்ன என்று. "வூடு தேடி வந்து நீட்றான், எப்படிப்பா வாங்காம இருக்கறது?" என்றார். அவர் செத்துப்போன அன்றைக்கும் தறியில் பாவு இருந்தது. காரியம் முடிந்ததும் அண்ணன் ஏகாம்பரம் உட்கார்ந்து அதை நெய்து முடித்தான். முடிப்பதற்குள் அடுத்ததையும் வாங்கிவிட்டான். அதைப் பார்த்த பிறகுதான் நான் வெல்டிங் பட்டறைக்கே போனேன். என் கைக்கு யாரும் முன்கூட்டியே உரிமை கொண்டாடக் கூடாது என்று கடல் தாண்டினால், அங்கேயும் டை கட்டிய ஒருவர் அதே பாவை நீட்டுகிறார்.

விடுப்பின் மூன்றாவது வாரம், மனைவி மரகதத்தையும் ஐந்து வயது மகள் செல்வியையும் கூட்டிக்கொண்டு தாமலில் இருக்கும் மாமனார் வீட்டுக்குப் போயிருந்தேன். அதற்குள் செல்வி என்னோடு ஒட்டிக்கொண்டிருந்தாள். வந்த முதல்நாள் நான் பிஸ்கட் டப்பாவை நீட்டியபோது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "யாரும்மா இவரு?" என்று மரகதத்திடம் கேட்டவள் அவள். அந்தக் கேள்வியை இன்னொரு முறை அவள் கேட்கும்படி வைக்கக் கூடாது என்று அன்றைக்கே மனதில் தீர்மானித்திருந்தேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பி வந்தால், எங்கள் வீட்டில் புது டிரான்சிஸ்டர் அலறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு ஸ்வீட் டப்பா. அதன்மேல் அந்தக் காகிதம், சம்பளத்தை உயர்த்திப் போட்டு. பேரம் பேசுகிறவன் என்று நினைத்த மேனேஜர் மெட்ராஸ் ஏஜெண்டுக்கு எழுத, ஏஜெண்டின் ஆள் வீடு தேடியே வந்துவிட்டான். அண்ணன் வாங்கி வைத்திருக்கிறான்.

"யார கேட்டு வாங்கின?" என்றேன்.

"இன்னாடா இது, வூட்டுக்கு வந்து நீட்றவன வெளிய போன்னா சொல்ல முடியும்? தெருவே பாத்துக்கினு இருக்குது. சம்பளம் ஏத்திக் குடுக்கறான், இன்னா கொற உனக்கு?"

"அப்பாவும் இதத்தான் சொன்னாரு."

"அப்பாவ இதுல இழுக்காத. இங்க வந்து நீ இன்னா பண்ணப்போற? எந்தப் பட்டறை உன்ன தாம்பூலம் வெச்சி கூப்புடுது?"

எந்தப் பட்டறையும் கூப்பிடவில்லைதான். அந்த ஆத்திரத்தில்தான் அதிகமாகக் கத்தினேன். பயமாகத்தான் இருந்தது. மறுத்துவிட்டு ஒன்பது மாதம் கழித்து வந்து நின்றால் வேலை இருக்குமா, இல்லையா, யார் கண்டது? அண்ணன் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் ஐந்து வயது இப்போது. கையெழுத்துப் போட்டால் அடுத்து நான் பார்க்கும்போது செல்விக்கு எட்டு வயதாகியிருக்கும். இதை எந்தக் காகிதத்தில் உயர்த்திப் போடுவார்கள்? தெருவில் அதற்குள் நாலு பேர் வாழ்த்தே சொல்லிவிட்டார்கள். எங்கள் வாசலில் கை நீட்டி வாங்கியாயிற்று, ஆகையால் முடிந்துபோன விஷயம்.

மரகதம் மறுநாள் காலையில் டிரான்சிஸ்டர், டப்பா, காகிதம் மூன்றையும் ஒரு பையில் போட்டாள். செல்வியைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினாள். நான் பின்னாலேயே ஓடினேன். ஏஜெண்டின் ஆள் பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் தங்கி, வேறு ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே, இத புடிங்க. நாங்க இல்லாதப்ப குடுத்துட்டு வந்துட்டீங்க" என்று பையை அவன் மேசைமேல் வைத்தாள்.

அவன் சிரித்தான். "அட, கையெழுத்து போடலன்னா ஒண்ணும் ஆவாதும்மா. பொருள நீங்களே வெச்சிக்கோங்க, கம்பெனி அன்பளிப்பு." பையைத் தூக்கி அவளிடமே நீட்டினான்.

மரகதம் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். "உங்களுக்கு ஆவாது. எங்களுக்கு ஆயிடும்."

அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பை அந்தரத்தில் தொங்க, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இப்ப விட்டா அப்புறம் கூப்புட மாட்டாங்க சார்" என்று என்னிடம் சொன்னான். மிச்சமிருக்கும் மாதங்களை ஒழுங்காக வேலை செய்து முடிப்பேன், முடிந்த அன்றைக்கு நானே யோசித்துக்கொள்வேன், கூப்பிடுகிறவர்கள் அப்போது கூப்பிடட்டும் என்றேன். செல்வி அம்மாவின் புடவையோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆம்பளை வாங்கியதைப் பொம்பளை போய்த் திருப்பிக்கொடுத்தாள் என்று தெரு ஒரு வாரம் பேசியது. பேசட்டும். அண்ணன் நான் கிளம்புகிறவரை என்னோடு பேசவில்லை.

விடுப்பு முடிந்து, மிச்ச மாதங்களைக் கழிக்கக் கிளம்பினேன். மெட்ராஸ் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மரகதமும் செல்வியும் கீழே நின்றார்கள். கண்டக்டர் விசில் ஊதப் போகிற நேரத்தில், பஸ் ஸ்டாண்டுக் கடையில் வாங்கிய பிஸ்கட் பொட்டலத்தை ஜன்னல் வழியாகச் செல்விக்கு நீட்டினேன்.

அவள் என் கையையே பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வாங்கிக்கோம்மா, அப்பாதான?"

"மாட்டேன். வாங்கினா நீ போயிடுவ."

பஸ் நகர்ந்துவிட்டது. ஏகாம்பரநாதர் கோபுரம் கண்ணுக்கு மறைகிறவரை, பொட்டலத்தோடு என் கை ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது.