துரைப்பாண்டி அண்ணன் உடைத்த டெபாசிட்

கோரிப்பாளையத்தில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். நம் சங்கச் செயலாளர் சைக்கிளை விட்டு இறங்கி, "துரைப்பாண்டி அண்ணன் காலையில தவறிட்டாருண்ணே" என்றார். திருநகரில் நம் சேவை சங்கத்துக்கு எத்தனையோ வருடம் பொருளாளராக இருந்தவர். அவரோடு அதிகம் சண்டை போட்டவன் நான்தான். வந்த பஸ்ஸில் ஏறத் தோன்றவில்லை.

கூட்டத்துக்குத் தாமதமாக வந்தால் நாலணா அபராதம் வாங்குவார். ஒருநாள் அவரே மழையில் நனைந்து தாமதமாக வந்து, யாரும் கேட்காமலே தன் நாலணாவை உண்டியலில் போட்டார். அந்தச் சில்லறையும் சந்தா மிச்சமும் சேர்ந்ததுதான் வங்கியில் இருந்த நம் டெபாசிட். நான் தலைவரான வருடம் ஆண்டு விழா விருந்துக்காக அதை எடுக்கக் கேட்டேன். "இது ஆபத்துக்கு வச்சது தலைவரே, பாயசத்துக்கு இல்ல" என்று கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். கூட்டத்திலேயே அவரைக் கஞ்சன் என்றேன். சங்க நண்பர்களே, நீங்களும் சிரித்தீர்கள்.

அதே வருடம்தான் திருப்பரங்குன்றத்தில் கண் சிகிச்சை முகாம். செலவெல்லாம் தன்னுடையது என்று ஒரு மில் முதலாளி மேடையில் சொன்னார். நம் வழக்கம்தான் தெரியுமே, பணம் வரும் முன்பே மாலை விழுந்துவிடும். பொன்னாடையும் போர்த்தி, நோட்டீஸில் அவர் பெயரையும் பெரிதாக அச்சடித்தேன். முகாமுக்கு முதல் நாள் அவருடைய கணக்குப்பிள்ளை வந்து, "இந்த வருசம் தோதுப்படாதுன்னு முதலாளி சொல்லச் சொன்னாக" என்றார். அதற்குள் சுற்றுக் கிராமங்களிலிருந்து ஐம்பது பேர் வந்து பள்ளிக்கூடத்தில் பாய் விரித்துவிட்டார்கள். மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் கையில் காசில்லை.

துரைப்பாண்டி அண்ணன் முன்னால் போய் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். டெபாசிட் பத்திரத்தை எடுத்து நீட்டினார்.

"போடுங்க கையெழுத்த. பேங்கு மூடிருவான்."

"முதிர்வுக்கு முன்னால எடுத்தா வட்டி போயிருமேண்ணே."

"வட்டி போனாப் போகுது. நம்பி வந்த சனத்தத் திருப்பி அனுப்பலாமா? இம்புட்டு நாளும் இதுக்குத்தான காத்து வச்சேன்!"

ஒருவரையும் திருப்பி அனுப்பவில்லை. அறுவை முடிந்து கண் கட்டைப் பிரித்த அன்று, ஒரு விவசாயி கண்ணைக் கொட்டிக் கொட்டி எதிரே நின்ற அண்ணனைப் பார்த்தார். "ஏங்க, ஒங்க சட்டையில ஒரு பித்தானக் காணமே" என்றார். வராந்தாவே கைதட்டியது. "பாத்தீகளா தலைவரே, பித்தான் வரைக்கும் தெரியுது!" என்று அண்ணன் என்னைக் கட்டிக்கொண்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததே இல்லை.

அங்கேயே மன்னிப்புக் கேட்டேன். "அது கெடக்கட்டும். டெபாசிட்ட மறுபடி ஆரம்பிக்கணும். ஒங்க பங்கு எம்புட்டு?" என்றார்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வியைத்தான். எந்த நல்ல காரியமானாலும், அடுத்தவர் பையைப் பார்க்கும் முன் என் பைக்குள் கை விடுகிறேன். நம் டெபாசிட் பழைய அளவை எப்போதோ தாண்டிவிட்டது. அடுத்த மாதம் மறுபடியும் கண் முகாம். யாருடைய வாக்கையும் நம்பி நாம் காத்திருக்கவில்லை. நம் சண்டையில் நீங்கள்தான் ஜெயித்துவிட்டீர்கள் அண்ணே.